நாளைக்கு எத்தனை ரோல்ஸ்?

ஒன்பது மாதத்துக்கு முன்னால் நல்ல சம்பளத்தில் இருந்த வேலையை விட்டேன். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு சின்னக் கம்பெனி. ஸ்காபரோவில் சின்னதாகக் கேட்டரிங் செய்யும் எங்கட அன்ரிமார் ஓடர் எடுப்பதற்கு ஒரு அப். வீடு வாங்கச் சேர்த்து வைத்த காசில் பன்னிரண்டு மாதம் தாக்குப் பிடிக்கலாம் என்று மனுசியும் நானும் சாப்பாட்டு மேசையில் இருந்து கணக்குப் பார்த்தோம்.

முதல் ஐந்து மாதமும் படித்ததை எல்லாம் காட்டினேன். ஐபோனுக்கு ஒரு அப், ஆண்ட்ராய்டுக்கு ஒரு அப், வரைபடம், நட்சத்திர மதிப்பீடு. பெரிய கம்பெனியில் பழகினபடி எல்லாவற்றையும் ஏழு மைக்ரோசேர்விஸாகப் பிரித்தேன். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்தாலும் சேர்வர் தாங்கும். வந்தது நாலு பேர்.

"வடிவா இருக்குத் தம்பி, ஆனா எனக்கு இது சரிவராது" என்றார் ஒரு அன்ரி. ஏன் என்று அறிய ஒரு சனிக்கிழமை காலமை அவருடைய குசினியில் போய் நின்றேன். வட்ஸ்அப், குரல் மெசேஜ், போன் என்று மூன்று பக்கத்தாலும் ஓடர் வருகிறது. எல்லாம் ஒரு கொப்பியில். இரவு இருந்து கூட்டிப் பார்க்கிறார். "நாளைக்கு எத்தனை ரோல்ஸ் பொரிக்கோணும் எண்டு மட்டும் சொல்லு. போன கிழமை ஒரு பிள்ளையின்ர பிறந்தநாளுக்கு நாற்பது குறைஞ்சு போச்சு."

ஐந்து மாதம் எழுதின கோடில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

அடுத்த மூன்று கிழமையும் கோடே எழுதவில்லை. அவருடைய ஓடர்களை நானே ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் அடித்து, இரவு ஒன்பது மணிக்குக் கூட்டுத்தொகையை அனுப்பினேன். மற்ற அன்ரிமாரும் கேட்கத் தொடங்கின பிறகுதான் எழுத உட்கார்ந்தோம். ஒரு சேர்வர், ஒரு டேட்டாபேஸ், ஒரு வெப் பக்கம். அவ்வளவுதான்.

இது புது வித்தை இல்லை. 1999இல் ஸாப்போஸைத் தொடங்கிய நிக் ஸ்வின்மர்ன், கடையில் இருந்த சப்பாத்துகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். ஓடர் வந்தபின் அந்தக் கடையில் வாங்கி அனுப்பினார். சனம் சப்பாத்தை இணையத்தில் வாங்குமா என்ற ஒரு கேள்விக்குத்தான் அவருக்கு முதலில் பதில் வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் குறைக்கலாம் என்றும் இல்லை. தினமும் பக்கப் எடுக்க வேணும், அதைத் திருப்பிப் போட்டும் பார்க்க வேணும். கார்ட் பணத்தை ஸ்ட்ரைப் போன்றவர்களிடம் விட்டுவிடுங்கள். வாடிக்கையாளரின் போன் நம்பர்களைக் கவனமாகப் பூட்டி வையுங்கள். அன்ரியை நம்பித்தான் சனம் நம்பர் கொடுக்குது.

போன மாதம் ஆறு வயது மகள் கேட்டாள், "அப்பா, உங்கட அப் எப்ப முடியும்?" அப் முடிகிற சாமான் இல்லை. அதனால்தான் முடிவுக்கு நாங்களே ஒரு திகதி போட வேண்டியிருந்தது. அன்றிரவு மனுசியும் நானும் எழுதி வைத்தோம்: பன்னிரண்டாம் மாதம் முடியும்போது காசு கட்டும் அன்ரிமார் இருபது பேர் இல்லாவிட்டால் நான் வேலை தேடுவேன். கடன் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை லேப்டொப் திறப்பதில்லை.

நேரத்தோட நிற்பாட்டுவது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. கிளிட்ச் என்ற இணைய விளையாட்டு ஓடவில்லை என்று அதைச் செய்த கம்பெனி 2012இல் மூடியது. தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்து வைத்திருந்த கருவியைக் கையில் எடுத்தார்கள். அதுதான் இன்றைய ஸ்லாக். கையில் கொஞ்சம் காசும் தெம்பும் மிஞ்சியிருந்ததால்தான் அது முடிந்தது.

இப்போது பதினொரு பேர் காசு கட்டுகிறார்கள். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் யாராவது வேலையை விடும் யோசனையில் இருந்தால், கோடுக்கு முதல் அந்தத் திகதியை இரண்டு பேருமாக எழுதி வையுங்கள்.

நாளைக்கு அன்ரிக்கு 260 ரோல்ஸ்.