பிழை கண்டுபிடிப்பது உங்கள் வேலையா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்று உண்டு. "நான் எதையோ தப்பா அழுத்திட்டேன் போலிருக்கு!" திரை அப்படியே உறைந்து நிற்கும். அல்லது புரோகிராம் பாதியில் மூடிக்கொள்ளும். உடனே மவுசைப் பிடித்திருந்தவர் மேல் பழி விழும். புரோகிராம் எழுதிச் சம்பாதிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பல சமயம் தப்பு எங்களுடையது.

ஒரு உதாரணம் பார்ப்போம். 2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாப்ட்வேர் நிறுவனம் அனுப்பிய ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையுடன் நின்றுபோயின. இது மைக்ரோசாப்ட் சொன்ன கணக்கு. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தவறான பைல் 78 நிமிடங்களில் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அதற்குள் முடங்கிய கம்ப்யூட்டர்களில் பலவற்றை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து அந்த பைலை அழிக்க வேண்டியிருந்தது.

காரணம் என்ன? புதிய பைல் 21 விவரங்களை எதிர்பார்த்தது. கம்ப்யூட்டரில் ஏற்கனவே இருந்த புரோகிராம் கொடுத்ததோ 20தான். இல்லாத 21ஆவது விவரத்தைத் தேடி, தனக்குச் சொந்தமில்லாத மெமரியில் அது கை வைத்தது. விண்டோஸின் அடித்தளமான கெர்னலில் இயங்கும் புரோகிராம் என்பதால் கம்ப்யூட்டரே சாய்ந்தது. இந்த எண்ணிக்கை கம்பைல் செய்யும்போது சரிபார்க்கப்படவில்லை என்று, 2024 ஆகஸ்டில் அந்த நிறுவனம் வெளியிட்ட அறிக்கையே ஒப்புக்கொள்கிறது.

கம்பைல் என்றால், புரோகிராமர் எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவது. அதைச் செய்யும் சாப்ட்வேர்தான் கம்பைலர். ரயிலின் ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 73ஆம் எண் டிக்கெட் கேட்டால் கவுன்டரிலேயே மறுத்துவிட்டால் தொல்லையில்லை. டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு, நள்ளிரவில் ஓடும் ரயிலில் படுக்கை இல்லை என்றால்? கம்பைலர்தான் அந்த கவுன்டர். பயணி நீங்கள்.

ஜாவா போன்ற மொழிகளின் கம்பைலர்கள் இந்த வேலையை ஓரளவு செய்கின்றன. எண் வர வேண்டிய இடத்தில் பெயரைக் கொடுத்தால் பிடித்துவிடும். ஆனால் ஒரு பட்டியலைக் கொடுத்தால், அதில் எத்தனை விவரங்கள் உள்ளன என்று பார்க்காது. 'டிபென்டென்ட் டைப்' என்ற வசதி உள்ள மொழிகளில் '20 விவரங்கள் கொண்ட பட்டியல்' என்பதே ஒரு தனி வகை. 21 தேவைப்படும் இடத்தில் அதைக் கொடுத்தால் கம்பைலர் ஏற்காது. பின்னால் இன்டர்நெட் வழியே வரப்போகும் பைலில் எத்தனை இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது அல்லவா? அங்கே 'முதலில் எண்ணிப் பார்' என்று ஒரு சோதனையை எழுதினால்தான் கம்பைலர் வழிவிடும். இட்ரிஸ், அக்டா, லீன் ஆகியவை இத்தகைய மொழிகள்.

இதைக் கற்பது கடினம், வேலை தாமதமாகும் என்று என் துறை நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். நமக்குத் தெளிவாகத் தெரிகிற விஷயத்துக்கும் கம்பைலருக்கு நிரூபணம் எழுதிக் காட்ட வேண்டியிருக்கும். நாம் கொடுத்த விதியே தவறாக இருந்தால், அந்தத் தவறையும் அது உண்மையாகக் காவல் காக்கும். விளையாட்டு சாப்ட்வேருக்கு இவ்வளவு கெடுபிடி வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் கெர்னலில் இயங்குபவற்றுக்கு இந்தச் சலுகை கூடாது. கிராபிக்ஸ் கார்டின் டிரைவர், ஆன்டிவைரஸின் சில பகுதிகள் என உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அப்படிப்பட்டவை இருக்கின்றன. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனமும் அந்த எண்ணிக்கையைக் கம்பைல் நேரத்திலேயே சரிபார்க்கும் சோதனையைப் பிறகு சேர்த்தது. ஜூலை 27ஆம் தேதியே அது நடைமுறைக்கு வந்துவிட்டது. எட்டே நாளில் முடிந்த வேலை! புது மொழி கூடத் தேவைப்படவில்லை. இதை முன்பே செய்திருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம். கம்பைலர் பிடிக்கக்கூடிய பிழையைப் பயன்படுத்துபவர் கண்டுபிடிக்கட்டும் என்று விடுவது எங்கள் சோம்பேறித்தனம்.

எனவே அடுத்த முறை கம்ப்யூட்டர் நின்றுபோனால் யாரையும் திட்டாதீர்கள், பயப்படாதீர்கள். திரையில் வரும் செய்தியை அப்படியே எழுதி வைத்து, சாப்ட்வேரைத் தயாரித்தவர்களுக்கு அனுப்புங்கள். முக்கியமான பைல்களுக்கு வேறு இடத்தில் ஒரு நகல் எப்போதும் இருக்கட்டும். நாங்கள் திருந்தும்வரை அது உங்களுக்குத் தேவைப்படும்.