ஒரு நாள் மட்டும் வந்த இரும்புத் தகடு

கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு,

தங்களுக்கு இதற்கு முன் நான்கு விண்ணப்பங்கள் எழுதியிருக்கிறேன். தபாலில் அனுப்புவது மரியாதைக் குறைவென்று எண்ணி, எழுபத்தாறு வயதில், ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கி, திங்கட்கிழமைக் குறைதீர் நாள்களில் வரிசையில் நின்று, நான்கையும் கையாலேயே கொடுத்து, ஒப்புகைச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்று மாலையே மலையேறியவன் நான். நான்கிற்கும் பதில் வந்தது. மனுவின்மீது நடவடிக்கை முடிந்துவிட்டதாக என் பேரனுடைய கைப்பேசிக்கு வந்த அந்தப் பதிலைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்ப் பார்த்தேன்; பள்ளம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆகவே ஐந்தாவது விண்ணப்பத்தை, ஊரார் எல்லாரும் படிக்கும்படி பகிரங்கமாகவே எழுதத் துணிந்தேன். தங்கள் திருநாமத்தையும் உத்தியோகத்தையும் இதில் குறிப்பிடவில்லை. படித்தால் தங்களுக்கே விளங்கும்.

அபிவிருத்திக்கு நான் விரோதி அல்லன். இந்த ஊரே ஓர் அபிவிருத்தியின் விளைவுதான். 1820-களில் சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலையில் காப்பிச் செடியை நட்டுப் பார்க்க ஆசைப்பட்டிராவிட்டால், இன்று ஏற்காட்டில் ஏரியும் காடும் மாத்திரம் இருந்திருக்கும், கடைத்தெரு இருந்திராது. 2019 நவம்பரில் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதையைத் திறந்தபோது, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் நடந்து, வண்டிகளுக்கு அஞ்சாமல் ஒரு தெருவில் நடக்க இந்த ஜன்மத்தில் கொடுத்துவைத்ததே என்று மகிழ்ந்தவன் நான். எங்கள் கடைத்தெருவுக்கும் புதிய சாக்கடை, கல் பதித்த நடைபாதை, வரிசையாக விளக்குக் கம்பங்கள் எல்லாம் வரப்போகின்றன என்று தாங்கள் பலகை வைத்தபோது முதலில் கைகூப்பியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பலகையிலிருந்த வர்ணப் படத்தில் மரங்கள் இருந்தன, பெஞ்சுகள் இருந்தன, தொப்பியணிந்த பிரயாணிகள் இருந்தார்கள். கடை ஒன்றுகூட இல்லை. அதை அன்றே நான் கவனித்திருக்க வேண்டும்.

என் தகப்பனார் வாலிபத்தில் சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் குமாஸ்தாவாக இருந்தவர். டிராம் வண்டியைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் இலையில் சோறு ஆறிப்போகும். 1895-ஆம் வருஷம் மே மாதம் 7-ஆம் தேதி ஓடத் தொடங்கி, 1953-இல் கம்பெனி நொடித்துப்போய் நின்றுவிட்ட அந்த மின்சார டிராமுக்கு ஆரம்பத்தில் தலைக்கு மேலே கம்பி கிடையாது. தெருவைக் கீறிக் குழி வெட்டி, அதற்குள்ளேயே மின்சாரத்தைக் கொண்டுபோனார்கள். காகிதத்தில் அது வெகு நேர்த்தியாக இருந்திருக்கும். சென்னையின் ஐப்பசி மழை அந்தக் குழிக்குள் இறங்கிய பிறகுதான், தெருவை வெட்டுகிறவன் முதலில் கேட்க வேண்டியது தண்ணீர் எங்கே போகும் என்பதே என்று தெரிந்தது. சில வருஷங்களுக்குள் குழியைக் கைவிட்டுக் கம்பியை மேலே தூக்கிக் கட்டினார்கள். கம்பெனிக்காரர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் ஞானம் பிறந்ததற்குக் காரணம் உண்டு. வண்டி நின்றால் டிக்கெட் காசு நிற்கும். பள்ளம் வெட்டியவனுக்கே பள்ளத்தால் நஷ்டம். தாங்கள் வெட்டிய பள்ளத்தின் நஷ்டமோ வேறொருவருடைய கல்லாப்பெட்டியில் விழுகிறது.

அதே மவுண்ட் ரோடு, அண்ணா சாலையென்று பெயர் மாறிய பிற்காலத்தில், மெட்ரோ ரயிலுக்காக வருஷக்கணக்கில் தகரத் தடுப்புகளுக்கு நடுவே கிடந்ததை நானே பார்த்தேன். 2017 ஏப்ரலில் ரோடு உள்வாங்கி ஒரு பஸ்ஸும் ஒரு காரும் அமிழ்ந்தன. 2019 பிப்ரவரி 10-ஆம் தேதி, அந்தச் சாலையின் அடியாக வண்ணாரப்பேட்டை வரையில் ரயில் ஓடத் தொடங்கியபோது எல்லாரும் கைதட்டினார்கள். தடுப்புக்குப் பின்னால் காத்திருந்து காத்திருந்து கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போனவர்களுக்கு அன்று ரயிலேற வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இந்தத் தவறு நமக்கு மட்டும் உரியதும் அன்று. ஸ்காத்லாந்தில் எடின்பரோ நகரத்தார் டிராம் போடுகிறோமென்று கடைவீதிகளைத் தோண்டிப் போட்டு, சொன்ன காலத்துக்கு மூன்று வருஷம் பிந்தி 2014-இல் வண்டியை விட்டு, வாங்காத வசவெல்லாம் வாங்கினார்கள். ஆயினும் வசவு வாங்கியவர்கள் அதை வீணாக்கவில்லை: அதே பாதையை நியூஹேவன் வரையில் நீட்டி 2023-இல் முடித்தபோது, வேலை நடக்கும் காலத்தில் வழியிலுள்ள கடைக்காரர்களைத் தாங்குவதற்கென்றே தனியாகப் பணம் ஒதுக்கினார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின் மழையில் நம்முடைய மலைப்பாதையிலேயே மண்ணும் பாறையும் சரிந்து வழி அடைபட்டபோது, கொட்டும் மழையில் நின்று அதைத் திறந்துகொடுத்த தொழிலாளிகளை நாங்கள் கண்டோம். அப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊரின் நடுமையத்துக்கு ஒண்டிக்கடை என்று பெயர். ஒரு காலத்தில் ஒரே ஒரு கடை நின்ற இடமென்று பெயரே சொல்லும். அதிலிருந்து சற்றுத் தள்ளி, பத்தடிக்கு எட்டடியில், புருஷன் காலமான பிறகு ஓர் அம்மாள் தனியாக நடத்திவருகிற கடை ஒன்று உண்டு. மிளகு, ஏலம், கிராம்பு, வறுத்து அரைத்த காப்பித்தூள், யூகலிப்டஸ் தைலச் சீசாக்கள்; இவையே சரக்கு. நாகலூர்ப் பக்கத்திலிருந்து, இந்த மலையின் பழங்குடிகளான மலையாளிப் பெண்கள் வீட்டோரக் கொடிகளில் பறித்துக் காயவைத்த மிளகை, தை மாசியில் மூட்டையாகவும் முடிச்சாகவும் கொண்டுவந்து அவளிடம் போடுவார்கள். பாதிப் பணம் அப்போது, மீதிப் பணம் சித்திரை வைகாசியில் பிரயாணிகள் வந்து வாங்கிய பிறகு. அந்த இரண்டு மாதமே அவளுக்கு வருஷம். தங்கள் ஆட்கள் மார்ச்சில் வந்து, கடையின் வாசற்படியை ஒட்டி நாலடி அகலத்துக்கு, ஒரு மனிதனின் மார்பளவு ஆழத்துக்கு வெட்டிவிட்டு, பத்தே நாளில் முடித்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டு, வேறு வேலைக்குக் கீழே போய்விட்டார்கள்.

கோடைமழை பெய்து, பள்ளத்தில் செம்மண் தண்ணீர் நின்றது. அம்மாள் அறுநூறு ரூபாய் கொடுத்து ஒரு சில்வர் ஓக் பலகை வாங்கிக் குறுக்கே போட்டாள். எதிர்ச் சாரியில் நின்று நான் ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். காரிலிருந்து ஒரு குடும்பம் இறங்கிற்று, காப்பித்தூள் வாசனைக்கு மூக்கை உயர்த்திக்கொண்டே வந்த பாட்டியம்மாள் ஒருத்தி, பலகையின் மேல் ஒரு காலை வைத்தாள், பலகை அரை அங்குலம் வளைந்தது, கீழே தண்ணீரைப் பார்த்தாள், காலை எடுத்துக்கொண்டாள். கடைக்குள்ளிருந்து அம்மாள், "பயப்படாம வாங்கம்மா, நான் கை புடிச்சுக்கிறேன்" என்று கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கார் போய்விட்டது. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், அவள் அதைக்கொண்டு தராசுத் தட்டைத் துடைத்தாள். மறு வாரம், வேலைக்கு இடைஞ்சலென்று சொல்லி அந்தப் பலகையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். எந்த வேலைக்கு என்று கேட்க அங்கே வேலையாள் எவரும் இல்லை.

அதன் பிறகு, மே மாதத்தில், கோடை விழாவுக்கு இரண்டு நாள் முன்பு தாங்கள் வந்தீர்கள்.

காலை ஏழு மணிக்கு லாரி வந்தது. பத்தடி நீளத்தில் கனத்த இரும்புத் தகடுகளை இறக்கி, அம்மாளின் வாசலுக்கும் அக்கம்பக்கத்து நான்கு கடைகளுக்கும் போட்டு, மேலே தென்னை நார்ப் பாய் விரித்து, இரண்டு பக்கமும் ஜெரேனியம் தொட்டி வைத்தார்கள். ஐயா, ஆனையே நடக்கலாம் போலிருந்தது. பதினொரு மணிக்குத் தாங்கள் அதன் மேல் நடந்து கடைக்குள் சென்று, வியாபாரம் எப்படியிருக்கிறதம்மா என்று விசாரித்தீர்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்த உத்தியோகஸ்தர் ஒருவர், "நல்லா போகுதுங்க ஐயா" என்று பதில் சொல்லிவிட்டார். நூறு கிராம் மிளகு வாங்கினீர்கள். அதுவே அன்றைக்கு முதல் வியாபாரம். மூன்று மணிக்கு லாரி திரும்பி வந்து தகடுகளை ஏற்றிக்கொண்டு போனபடியால், அதுவே கடைசி வியாபாரமும் ஆயிற்று.

பணமில்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். ஒப்பந்தக்காரர் ஓடிவிட்டார், மழை கெடுத்தது, மேலிடத்து உத்தரவு வரவில்லை என்று எதைச் சொல்லியிருந்தாலும், இத்தனை வயதுக்கு மேல் அதையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் தகடு உங்களிடம் இருந்தது. மார்ச்சிலும் இருந்தது, ஏப்ரலிலும் இருந்தது, அந்தப் பாட்டியம்மாள் காலை எடுத்துக்கொண்ட நாளிலும் உங்கள் கிடங்கில் எங்கேயோ சாத்திவைத்திருந்தது. உங்கள் செருப்பில் சேறு படக்கூடாதென்று ஒரு நாள் காலையில் நாலு மணி நேரத்தில் மலையேற முடிந்த இரும்பு, ஒரு விதவையின் அடுப்பு எரிவதற்காக இரண்டு மாதம் அசையவில்லை. சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் அந்த நூறு கிராம் மிளகைப் போட்டு ரசம் வைத்தார்களா? காரம் எப்படி இருந்தது?

விழா முடிந்தது, கூட்டம் இறங்கிப் போயிற்று. விற்காத மிளகு மழை ஈரத்தில் மூட்டையோடு பூத்துக்கிடக்கிறது. மீதிப் பணம் கேட்டு வந்த நாகலூர்ப் பெண்களுக்கு, அம்மாள் காதுத் தோட்டை வைத்துக் கொஞ்சம் கொடுத்திருக்கிறாள். இந்த மலைக்கு ரோப் கார் வரப்போகிறது என்றும், கடைத்தெரு சீமைத் தெருவைப்போல ஆகிவிடும் என்றும் சொல்லிக்கொள்கிறார்கள். வரட்டும். இறங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு கடை மிச்சமிருந்தால் பழைய பெயராவது பொருந்தும்.

நஷ்டஈடு கேட்கலாமென்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். பள்ளத்தை மூடக் கேட்கலாமென்று சிலர். நான்கு முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். இந்த முறை என் பிரார்த்தனை வேறு. தாங்கள் தினந்தோறும் எங்கள் கடைத்தெருவுக்கு எழுந்தருள வேண்டும். தினந்தோறும் முடியாதென்றால், சனி ஞாயிறுகளிலாவது வர வேண்டும். எதுவும் வாங்க வேண்டாம், வண்டியிலிருந்து இறங்கக்கூட வேண்டாம். வருகிறேன் என்று முந்தின நாள் சொல்லியனுப்பினால் போதும். காலை ஏழு மணிக்கு லாரி வந்துவிடும்.

இங்ஙனம்,
ஏற்காடு வாசி ஒருவன்