விலை விழுந்தபோது வாடகை என்ன செய்தது?

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 2006-இல் ஒரு தனிவீட்டின் நடுத்தர விலை சுமார் 3,15,000 டாலர். 2012 தொடக்கத்தில் அது சுமார் 1,18,000 டாலர். வீடு வாங்கினால் நஷ்டமே வராது என்று நம்பியிருந்த ஒரு தலைமுறை, தன் கடன் பாக்கியைவிட வீட்டின் மதிப்பு குறைந்துபோனதைப் பார்த்துத் திகைத்தது.

வாடகை அப்படி விழவில்லை. கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். தவணை கட்ட முடியாமல் வீட்டை வங்கியிடம் பறிகொடுத்த குடும்பமும் எங்காவது குடியிருந்துதானே ஆகவேண்டும்? 2004-இல் அமெரிக்கக் குடும்பங்களில் 69 சதவீதம் சொந்த வீட்டில் இருந்தன. 2016-இல் 63 சதவீதம்தான். அந்த வித்தியாசம் வாடகைப் பக்கம் சேர்ந்தது.

மாதம் 1,200 டாலர் வாடகை வரும், அந்த நடுத்தர விலையுள்ள ஒரு லாஸ் வேகாஸ் வீட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வருடத்துக்கு 14,400 டாலர். 2006-இல் 80 சதவீதக் கடனில், அன்றைய 6.4 சதவீத வட்டிக்கு அதை வாங்கியவருக்கு முதல் வருட வட்டி மட்டுமே 16,000 டாலரைத் தாண்டும். சொத்து வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு, வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் அதற்கு மேல். முதல் மாதத்திலிருந்தே கைக்காசைப் போட்டுத்தான் அந்த வீட்டைத் தாங்கியிருக்க முடியும். பின் ஏன் வாங்கினார்கள்? அடுத்த வருடம் விலை ஏறும், விற்றுவிடலாம் என்ற நம்பிக்கைதான். அதற்கு முதலீடு என்று பெயர் வைத்தது கொஞ்சம் அதிகம்.

அதே வீட்டை 2012-இல் ரொக்கமாக வாங்கியவரின் கதை வேறு. வாடகையில் பாதி செலவுக்குப் போய்விடும் என்பது அமெரிக்க வீட்டு உரிமையாளர்கள் போடும் மனக்கணக்கு. பாதி போனாலும் 7,200 டாலர் மிஞ்சும். போட்ட பணத்துக்கு 6 சதவீதம். விலை மீண்டும் ஏறாவிட்டாலும் அவர் தூங்கலாம்.

ஆனால் ரொக்கம் யாரிடம் இருந்தது? வங்கிகள் கடன் கொடுக்கவே பயந்த காலம் அது. வேலையில்லாத் திண்டாட்டம் 2009 அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டிருந்தது. மலிவு விலை வீடு கண்ணெதிரே இருந்தும் சாதாரணக் குடும்பத்தால் எட்ட முடியவில்லை. பிளாக்ஸ்டோன் போன்ற நிதி நிறுவனங்களால் முடிந்தது. 2012-இல் ஃபீனிக்ஸ் நகரில் வீடு வாங்கத் தொடங்கிய பிளாக்ஸ்டோன், இன்விடேஷன் ஹோம்ஸ் என்ற பெயரில் சுமார் 50,000 வீடுகளைச் சேர்த்தது. 2019-இல் தன் பங்குகளை முழுவதும் விற்று வெளியேறியது. வாடகைதாரர்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல் மறைத்த கட்டணங்களை வசூலித்ததாக வந்த புகாரில், 2024-இல் இன்விடேஷன் ஹோம்ஸ் 4.8 கோடி டாலர் கொடுக்க அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்துடன் உடன்பட்டது. வாடகை வரவு எப்படிப் பெருகுகிறது என்பதற்கு இப்படியும் ஒரு விடை உண்டு.

இந்தக் கணக்கைச் சென்னையில் போட்டால் தலை சுற்றும். 80 லட்சம் ரூபாய் ஃபிளாட், மாத வாடகை 20,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 3 சதவீதம், அதுவும் பராமரிப்புக் கட்டணமும் சொத்து வரியும் கழிப்பதற்கு முன். 60 லட்சம் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 வருட இ.எம்.ஐ. ஏறக்குறைய 52,000 ரூபாய். வாடகை போக மீதி 32,000 ரூபாய் மாதாமாதம் சம்பளத்திலிருந்து போகவேண்டும். லாஸ் வேகாஸில் 2006-இல் வாங்கியவரின் நிலையைவிட இது மோசம். வரிச்சலுகை கிடைக்குமே என்பார்கள். அது இந்தப் பள்ளத்தை மூடாது. இரண்டாவது ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டப் போகிறவர் விலை ஏறுமா என்று ஜோசியம் கேட்பதை விட்டு, வாடகை ஆறு மாதம் நின்றால் தவணையை எங்கிருந்து கட்டுவது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நடக்காத காரியம் இல்லை அது. 2020-இல் ஐ.டி. நிறுவனங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதும், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய குடியிருப்புகளில் பலர் வீட்டைக் காலிசெய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் போனார்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அந்த ஆறு மாதமும் கடன் பாக்கிக்கு வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது.