மேலிருந்து பார்த்தால் எல்லாம் இரண்டு நிறம்தான்

1989இல் வெளியான 'பொப்பியுலஸ்' என்ற கணினி விளையாட்டில் விளையாடுபவர்தான் கடவுள். பிரித்தானியாவின் புல்ஃப்ரொக் நிறுவனத்துக்காக பீற்றர் மொலினியூ வடிவமைத்தது. கடவுளாக இருந்து உலகை நடத்தும் விளையாட்டு வகைக்கு அதையே முன்னோடி என்பார்கள்.

அந்தக் கடவுளின் முக்கிய வேலை நிலத்தை உயர்த்துவதும் தாழ்த்துவதும். சமதரை கிடைத்தால் அடியவர்கள் குடியேறுவார்கள். சமதரை பெருகினால் குடிசை கோட்டையாகும். அடியவர் கூடக் கூடக் கடவுளின் சக்தியும் கூடும். அந்தச் சக்தியால் எதிர்க் கடவுளின் மக்கள்மீது நிலநடுக்கம், எரிமலை, வெள்ளம் எல்லாம் ஏவலாம். நீலம் ஒரு பக்கம், சிவப்பு மறுபக்கம். மற்ற நிறத்தில் ஒருவரும் மிஞ்சாவிட்டால் வெற்றி.

வேதாகமத்து அர்மகெதோன்கூடப் பெயரோடு இதில் வருகிறது. ஆனால் நேர்த்திக்கடன் கிடையாது, திருவிழா கிடையாது, பிள்ளைக்காக அழுது வேண்டும் ஒரு தாய் கிடையாது. தலைக்கணக்கு மட்டுமே உண்டு. மதத்தின் உடையில் வந்த ஆட்சி விளையாட்டு என்றே இதை நான் சொல்வேன்.

விளையாட்டு வெளிவந்த மறு ஆண்டு, 1990 ஒக்ரோபரில், வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடக்கிலிருந்து போனவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்த இடம் புத்தளமும் கற்பிட்டியும். கிடுகுக் கொட்டில்களில் தொடங்கிய அந்த வாழ்வு பலருக்கு இருபது ஆண்டுகளையும் தாண்டியது. அரசு எங்கள் நிலத்தை மேலிருந்து எப்படிப் பார்த்தது என்று நிறையப் பேசியிருக்கிறோம். எங்கள் பெயரால் நின்றவர்களும் ஒருநாள் வரைபடத்தை அப்படித்தான் பார்த்தார்கள் என்பதைச் சொல்ல இன்னும் தொண்டை அடைக்கிறது.

அவர்கள் வந்திறங்கிய அந்தக் கரையின் மதமோ அந்த விளையாட்டுக்குள் அடங்காது. சிலாபத்துக்கு அருகிலுள்ள முன்னேஸ்வரம் சிவன் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் அதைத் திரும்பக் கட்டுவித்தவர் கண்டியை ஆண்ட பௌத்த மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். எதிர்க் கடவுளுக்குக் கோயில் கட்டிக் கொடுக்கும் பொத்தான் பொப்பியுலஸில் இல்லை! அங்குள்ள பத்திரகாளியிடம் நேர்த்தி வைப்பவர்களில் சிங்கள பௌத்தர்களும் ஏராளம். தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கும் கத்தோலிக்கர் மட்டும் போவதில்லை.

இதை வைத்து அந்தக் கரையைச் சொர்க்கமாக்கவும் முடியாது. 2011 செப்ரெம்பரில் அமைச்சர் மேர்வின் சில்வா அதே காளி கோயிலுக்குள் வந்து, பலிக்கென்று நின்ற ஆடுகளையும் கோழிகளையும் ஏற்றிக்கொண்டு போனார். உயிர்க்கொலை சரியா என்பது வேறு விவாதம். அடியவர்கள் அதைத் தங்களுக்குள் பேசித் தீர்க்க அங்கே இடம் இருக்கவில்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, 2019 மே மாதம், ஒரு முகநூல் பதிவை வைத்துச் சிலாபத்தில் பள்ளிவாசலும் முஸ்லிம் கடைகளும் தாக்கப்பட்டன.

அதே ஆண்டு நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். புத்தளத்தில் வாழ்ந்தாலும் மன்னாரில் வாக்குரிமை வைத்திருந்த முஸ்லிம்கள் பேருந்துகளில் வடக்கே புறப்பட்டார்கள். வழியில் அனுராதபுர மாவட்டத்தில் அந்தப் பேருந்துகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. வெளியேற்றப்பட்டு 29 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் மன்னாரில் எண்ணப்படுவதற்காகவே போய்க்கொண்டிருந்தார்கள்.