ஆலமரத்தடிச் சொர்க்கம்

பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என ஆண்டு தவறாமல் தமிழகத்திலிருந்து நமக்கு ஒரு கிராமம் வந்து இறங்குகிறது. அக்கிராமத்தை நாம் விவரிக்க வேண்டிய தேவையில்லை. வாசகர் யாவரும் அதிலே பலமுறை குடியிருந்தவர்களே. நடுவில் ஓர் ஆலமரம். அதனடியில் ஒரு மேடை. மேடையில் மீசை முறுக்கிய ஊர்ப் பெரியவர். சுற்றிலும் விளைந்த வயல். அதிலே வேலை செய்வோர் பாடிக்கொண்டே வேலை செய்வர். கூலியைப் பற்றி ஒருவரும் வாய் திறவார். பட்டணத்திலிருந்தோ சீமையிலிருந்தோ ஒருவர் வருவார். முதலில் முகஞ் சுளிப்பார். இடையிலே திருவிழா வரும். கொடி இறங்குமுன் அவர் மனம் மாறி ஊரிலேயே மாலை மாற்றிக்கொண்டு தங்கிவிடுவார். மங்களம்!

இச்சூத்திரம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஹால்மார்க் என்னும் தொலைக்காட்சி நிறுவனம் நத்தார்க் காலந்தோறும் இதே கதையைப் பனி தூவிப் பரிமாறுகிறது. பெருநகரில் உத்தியோகம் பார்க்கும் பெண் சிற்றூருக்கு வருகிறாள். நகரத்துக் காதலனை மறக்கிறாள். நத்தார் மரம் வளர்க்கும் பண்ணைக்காரனையோ பேக்கரிக்காரனையோ மணக்கிறாள். ஆண்டுக்குப் பல டசின் படங்கள் இவ்வாறு வருகின்றன. ஊரின் பெயர் மட்டும் மாறும். மேற்கு ஜேர்மனியில் 1950களில் ‘ஹைமாற்’ படங்கள் என்றொரு வகை செழித்தது. ஹைமாற் என்றால் சொந்த ஊர். நகரங்கள் இடிபாடாய்க் கிடந்தன. கிழக்கிலிருந்து துரத்தப்பட்டோர் இலட்சக்கணக்கில் வந்து சேர்ந்திருந்தனர். அவர்கள் பார்த்ததோ குண்டு விழாத மலைச்சாரலும் புல்வெளியும். 1951இல் வந்து பெருவெற்றி பெற்ற ‘குரூன் இஸ்ற் டி ஹைட’ என்ற படத்தில், கிழக்கிலே நிலத்தை இழந்து வந்த ஒரு பண்ணையாரே முக்கிய பாத்திரம். நாடு ஏன் இடிந்தது, யார் இடித்தார், யாரை நாம் முன்னர் துரத்தினோம் என்ற வினாக்களைப் புல்வெளி கேட்பதில்லை. இவ்வுதாரணத்தை வாசகர் நினைவில் வைத்திருக்கட்டும். அது நம் வீட்டு வாயிலுக்கு வந்து சேரும்.

‘சனங்களுக்கு அறிவில்லை, அதனால் பார்க்கிறார்கள்’ என்று கூறிக் கையை உதறிவிடும் தோழர்கள் நம்மிடையே உளர். அவர்களோடு நாம் உடன்படவில்லை. குடாநாட்டு மக்கள் இப்படங்களைப் பார்த்த காலத்தைச் சிறிது எண்ணிப் பாருங்கள். 1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. வலிகாமம் வடக்கின் மக்கள் பாய் சுருட்டவும் நேரமின்றி வெளியேறினர். மின்சாரம் நின்றது, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். ‘சின்னக் கவுண்டர்’ வந்தது 1992இல். ‘தேவர் மகன்’ அதே ஆண்டுத் தீபாவளிக்கு. ‘எஜமான்’ 1993இல். ‘நாட்டாமை’ 1994 தீபாவளிக்கு. அதற்கு அடுத்த ஆண்டு, 1995 ஒக்டோபர் 30ஆம் நாள், வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. ஊரை விட்டு ஓடிக்கொண்டிருந்த ஒரு சமூகத்துக்கு, எவரும் ஓடவேண்டியிராத ஓர் ஊர் திரையிலே காட்டப்பட்டது. அரிதாய்க் கிடைத்த எரிபொருளில் ஜெனரேற்றரை இயக்கிப் பார்த்தார்கள். பின்னர் வன்னியிலும் கொழும்பிலும் பார்த்தார்கள். ரொறன்ரோவின் அடுக்குமாடியிலே பனிக்காலத்தில் பார்த்து அழுதார்கள். அந்த அழுகையை எள்ளி நகையாட எமக்கு உரிமை இல்லை. ஏக்கம் மெய்யானது. அந்த ஏக்கத்துக்கு விற்கப்பட்ட சரக்கு எத்தகையது என்பதே நம் வழக்கு.

சரக்கைப் பிரித்துப் பார்ப்போம். வகையிலே மிகச் சிறந்ததையே எடுப்போம். தாழ்ந்ததை எடுத்து அடிப்பது வீரமாகாது. பரதன் இயக்க, கமல்ஹாசன் எழுதி நடித்த ‘தேவர் மகன்’ கலைத்திறன் வாய்ந்த படம் என்பதில் நமக்கு ஐயமில்லை. இலண்டனில் படித்த சக்திவேல் உணவு விடுதிகள் தொடங்கும் எண்ணத்தோடும் வேற்றுமொழிக் காதலியோடும் ஊருக்கு வருகிறான். வந்தவனுக்கு என்ன நேர்கிறது? காதலி போகிறாள், நீண்ட முடி குறைகிறது, மீசை அடர்கிறது, ஊர்ப்பெண்ணுக்குத் தாலி கட்டுகிறான், தந்தையின் இடத்தில் அமர்கிறான். படம் இறுதியில் அரிவாளை எறியச் சொல்கிறது, பிள்ளைகளைப் படிக்க அனுப்பச் சொல்கிறது, நல்லது, ஏற்கிறோம். ஆனால் அதைச் சொல்வதற்கும் ஒருவன் முதலிலே தந்தையின் நாற்காலியில் அமர்ந்தாக வேண்டும். ஊருக்கு நன்மை வரும் வழி ஒன்றே: மேலேயிருப்பவன் மனம் இளகுவது. கீழேயிருப்பவன் இசக்கி. எசமானுக்காக ஒரு கையை இழந்து, அதையும் நகைச்சுவையாக்கிக்கொண்டு, விசுவாசத்தோடு நிற்பவன்.

அந்த இசக்கியின் பக்கத்திலிருந்து கதை சொல்லப்பட 31 ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ 2023இல் வந்தது. இசக்கியாக நடித்த வடிவேலுவே அதிலும் நடித்தார். சட்டமன்ற உறுப்பினரான பின்னும் ஆதிக்கச் சாதித் தலைவனின் முன்னே கதிரையில் உட்கார முடியாமல் நிற்கும் மனிதராக. நாற்காலி யாருடையது என்ற கேள்வி அங்கேதான் வாய்விட்டுக் கேட்கப்பட்டது.

சீமைக்குப் போய்ப் படித்துத் திரும்பியவரால் ஊர் திருந்தும் என்பது இப்படங்களின் வேதவாக்கு. இதற்கு யாழ்ப்பாண வரலாறு சொல்லும் மறுமொழி என்ன? ஒக்ஸ்போர்ட்டிலே படித்தவர், கணிதப் பேராசிரியராக இருந்தவர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் வீற்றிருந்தவர் சி. சுந்தரலிங்கம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட மக்கள் அறப்போர் செய்தபோது அவர் எங்கே நின்றார்? வாயிலை மறித்து நின்றார். கதவு திறந்தது அவர் மனம் இளகியதால் அன்று. வெளியே நின்றவர்கள் அடிபட்டும் அசையாது நின்றதால். இந்தக் காட்சியை எடுக்க எந்தத் தயாரிப்பாளரும் முன்வரவில்லை. இதிலே டூயட்டுக்கு இடமில்லை அல்லவா?

இனி ‘நாட்டாமை’. குடும்பத்தோடு பார்க்கத்தக்க படம் என்று நம் பெரியோர் இன்றும் நற்சான்று வழங்கும் படம். அதிலே வீட்டு வேலைக்காரப் பெண் ஒருத்தி செல்வன் வீட்டுப் பிள்ளையால் கெடுக்கப்படுகிறாள். நாட்டாமை தீர்ப்புச் சொல்கிறார்: கெடுத்தவனே அவளை மணக்க வேண்டும். கூட்டம் மெய்சிலிர்க்கிறது, தியேட்டரும் சிலிர்க்கிறது. அந்தப் பெண்ணிடம் ஒருவர் ஒரு வார்த்தை கேட்டாரா? தன்னை அழித்தவனோடு ஆயுள் முழுவதும் படுத்தெழும்படி விதிக்கப்பட்டது நீதியா, தண்டனையா? தண்டனையாயின் யாருக்கு? அடுத்து, எதிர்த்த குடும்பம் பதினெட்டு ஆண்டு தள்ளிவைக்கப்படுகிறது. பேச்சு வார்த்தை இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. இந்தத் ‘தள்ளிவைத்தல்’ என்ற ஆயுதம் மெய்யான கிராமங்களில் யார் மேல் பாய்ந்தது என்று ஆலயப் பிரவேசமும் தேநீர்க்கடைப் பிரவேசமும் நடத்திய முதியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். திரையிலோ அது செல்வனை அடக்கும் அறக்கருவி!

ஆலமரங்கள் இப்போது சற்றுக் குறைந்திருக்கின்றன, சூத்திரம் குறையவில்லை. 2019 பொங்கலுக்கு வந்த ‘விஸ்வாச’த்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் முரட்டு நாயகனை மும்பையிலிருந்து மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டர் பெண் விரும்பி மணக்கிறாள், பிரிகிறாள், ஊர்த் திருவிழாவை முன்னிட்டு அவளை அழைத்துவர அவன் புறப்படுகிறான். ஹால்மார்க்காரர் கண்டால் உரிமை கோரக்கூடும். மேலும் விரிக்க ஒன்றுமில்லை.

வகுப்பறையிலே இதன் விளைவை நாம் காண்கிறோம். ‘எனது கிராமம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், பத்துப் பிள்ளைகளில் ஆறேழு பேராவது சலசலத்தோடும் ஆற்றில் தொடங்குகிறார்கள். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்று உண்டா? மாரி காலத்து வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று சொல்ல நமக்கு எதுவுமில்லை. நம் வாழ்வு கிணற்று வாழ்வு. சுண்ணாம்புக் கல்லுக்கு அடியிலிருக்கும் நன்னீரை இறைத்தே வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் வளர்த்தோம். அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மார் விடியற்காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்தவர்கள். தாய்மார் நுண்கடன் தவணைக்கு யாரிடம் மாறுவது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள். கிடுகு வேலியும் ஒழுங்கையும் படலையும் பனங்கூடலும் கண்முன்னே இருக்க, பிள்ளை பொள்ளாச்சியை எழுதுகிறது. ‘ஊரில் பிரச்சினை வந்தால் நாட்டாமை தீர்த்துவைப்பார்’ என்றும் எழுதுகிறது. நம்மூரிலே பிரச்சினை வந்தால் போகுமிடம் கிராம சேவையாளரின் கந்தோர் என்பது அப்பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். ஆயினும் கட்டுரைக்கு உகந்த ஊர் வேறு, வாழும் ஊர் வேறு என்று அது கற்றுக்கொண்டுவிட்டது.

இது தமிழ்ப் பாட விவகாரம் என்று எண்ணிவிடக் கூடாது. கிணறு என்றோமே, அந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் வாளியோடு தள்ளி நின்று மேற்சாதியார் ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும் என்பதே நமது கிராமத்தின் சட்டமாய் இருந்தது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் நூலாக வந்து அதை எழுத்தில் வைத்தது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2014ஐ ஒட்டி வெடித்தபோது தண்ணீர் மீண்டும் அரசியலாயிற்று. ஆற்றங்கரையில் ஆடும் திரைக் கிராமத்துக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது, நமக்குமா தெரியாது?

போர் 2009இல் முடிந்தபின் ‘ஊருக்குத் திரும்புதல்’ என்பது திரையிலிருந்து இறங்கி நம் நிகழ்ச்சிநிரலில் ஏறியது. உயர் பாதுகாப்பு வலயத்தில் அகப்பட்ட நிலம் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டது. ஒரு பகுதி இன்னும் இராணுவத்தின் கையில் இருக்கிறது. முழுவதையும் மீட்கும் கோரிக்கை நியாயமானது. அதில் நாம் ஒரு அடியும் பின்வாங்கோம். ஆனால் வேலி திறந்த நாளில் உள்ளே போனவர் யார்? உறுதி வைத்திருந்தவர். நலன்புரி முகாம்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குந்தியிருந்தோரில் பலர் அன்றும் காணியற்றவர்கள், பிறர் வளவுகளில் குடியிருந்து, பிறர் தோட்டங்களில் கூலி செய்தவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுடைய ஊர் எது? எந்தப் படலையைத் திறந்துகொண்டு அவர்கள் திரும்புவது? திரும்பி வருபவனுக்கு ஊரிலே ஒரு பெரிய வீடு காத்திருக்கும் என்று நமக்குப் படம் காட்டியே பழக்கியிருக்கிறார்கள். வீடில்லாதவன் திரும்பும் கதையை நம் கண்கள் பார்க்கப் பழகவில்லை. ஆதலால் முகாம்களில் எஞ்சியோரைப் பற்றிய செய்தியும் நம் கண்ணில் தங்குவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிலருக்குக் கசக்கும். 1995 ஒக்டோபர் 30ஐ நாம் மறப்பதில்லை. சரியாக அதற்கு ஐந்து ஆண்டு முன்னர், 1990 ஒக்டோபர் 30ஆம் நாள், சோனகத் தெருவின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் இரண்டொரு மணி நேரத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டனர். நமது ஏக்கப் பாட்டுகளில் அவர்கள் இருக்கிறார்களா? ‘எங்கள் ஊர் முன்னைப்போல இல்லை’ என்று பெருமூச்செறிகிறோமே, அந்த ‘முன்னை’யில் அத்தெருவின் கடைகளும் பள்ளிவாசலும் எண்ணப்படுகின்றனவா? ஜேர்மானியரின் புல்வெளியை நினைவில் வைத்திருக்கச் சொன்னது இதற்காகவே.

‘உழைத்துக் களைத்தவர்கள் இரண்டரை மணி நேரம் மகிழ்ந்துவிட்டுப் போகட்டுமே, இதற்கா இவ்வளவு?’ என்பர் சிலர். மகிழட்டும், நாமும் பார்த்து மகிழ்ந்திருக்கிறோம், கவுண்டமணி வரும் காட்சிகளில் வயிறு குலுங்கச் சிரித்துமிருக்கிறோம். தடைசெய் என்று நாம் கேட்கவில்லை. தென்னிந்தியப் படங்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் 1970களில் கட்டுப்பாடு வந்தது. உள்ளூர்ப் படைப்புக்கு அதனால் ஓரளவு மூச்சும் கிடைத்தது. ஆனால் இரசனை சுங்கத் திணைக்களத்தால் மாறுவதில்லை என்பதையும் அக்காலமே காட்டியது.

அந்த ஆண்டுகளில்தான் ‘பொன்மணி’ வந்தது. 1977. கதை காவலூர் இராசதுரையுடையது. இயக்கியவர் தர்மசேன பத்திராஜா, யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராயிருந்த சிங்களக் கலைஞர். சீதனம் சேராமையால் மூத்த பெண் மணமின்றி இருக்கும் ஒரு வீடு. இளையவள் சாதி கடந்து காதலிக்கிறாள். அவள் கொலையுண்டு போகிறாள். ஆலமரமில்லை, தீர்ப்புமில்லை. நமது ஒழுங்கை இருந்தது, நமது வெயில் இருந்தது, நமது வீடுகளின் வாய்மூடிய கொடுமை இருந்தது. மக்கள் கூட்டம் அதற்குப் போகவில்லை. தம் ஊரைத் திரையிலே முதன்முறையாக உள்ளபடி கண்டவர்கள் ‘இது என்ன படம்’ என்று எழுந்துவிட்டார்கள். வேற்றுமொழிக்காரர் ஒருவர் வந்து நம் கிராமத்தைப் பார்த்த அளவுக்கு நாம் பார்க்க விரும்பவில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று பல பாடசாலைகளில் திரையும் எறிகருவியும் உண்டு. பிள்ளைகள் வீட்டிலே ‘நாட்டாமை’யைப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள், அதைத் தடுக்க வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல், தமிழ் மன்றக் கூட்டத்திலே ‘பொன்மணி’யைப் போடுங்கள். அடுத்த வாரம் 2018இல் வந்த ‘பரியேறும் பெருமா’ளைப் போடுங்கள். பின்பு மூன்றையும் பற்றி ஒரே ஒரு வினாவை எழுதக் கொடுங்கள்: இந்த ஊரில் காணி யாருடையது? விடைத்தாள்களில் ஆறு ஓடுகிறதா, கிணறு வருகிறதா என்று பார்ப்போம்.