சோற்று வரிசையில் நின்றவர்கள் எழுதட்டும்

1857 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஒரு நாவல் வந்தது. ஆசிரியர் பெயர் போடாமல், பழைய மாணவன் ஒருவன் எழுதியது என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள். எழுதியவர் தாமஸ் ஹியூஸ் என்ற வழக்கறிஞர். தாமஸ் அர்னால்டு தலைமையாசிரியராக இருந்த காலத்தில் ரக்பி பள்ளி விடுதியில் வளர்ந்தவர். பள்ளிக்குக் கிளம்பவிருந்த மகனுக்குச் சொல்ல நினைத்ததைக் கதையாக எழுதினார். 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்' அந்த ஓராண்டிலேயே ஐந்து பதிப்பு கண்டது. மறு ஆண்டே, பம்பாயில் பிறந்த ஃபாரர் 'எரிக்' எழுதினார். பிறகு கிப்ளிங். விடுதிக் கதை ஆங்கிலத்தில் தனி வகையாக வேர்விட்டு, நம் பிள்ளைகள் தமிழில் படிக்கும் ஹாரி பாட்டர் வரை வந்துவிட்டது.

ஹியூஸை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவருக்குப் போதனை செய்யும் ஆசை அதிகம். அவர் காட்டும் வீரமும் ஒழுக்கமும் நம்மை ஆள வந்தவர்களைத் தயார்செய்த வீரமும் ஒழுக்கமும்தான். டாமின் உயிர்த்தோழன் ஈஸ்ட், பள்ளி முடிந்ததும் இந்தியாவிலுள்ள பட்டாளத்துக்குத்தான் போகிறான். புத்தகம் வந்த மறுமாதம் மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஆனாலும், பெரிய பையன் ஃபிளாஷ்மேன் டாமைக் கணப்பின் முன்னால் பிடித்து வாட்டும் இடத்தைப் படித்தவர்கள் மறப்பதில்லை. பெரியவர்கள் கண்ணில் படாத ஒரு சிறுவனின் வலியை நாவலுக்குரிய விஷயமாக மதித்தார் ஹியூஸ். அந்த மதிப்பைத்தான் அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்களுக்கு அவரைவிட நெருக்கமானவர் சார்லட் பிராண்டி. ஏழைப் பாதிரியாரின் மகள். கவன் பிரிட்ஜ் விடுதிப் பள்ளியில் இருந்தபோது நோய் கண்டு அவருடைய அக்காக்கள் இருவர் 1825இல் இறந்தார்கள். எட்டு வயதில் பார்த்ததை முப்பத்தோராம் வயதில் 'ஜேன் அயர்' நாவலில் வைத்தார். அடிப்பிடித்த கஞ்சி, வாயில் வைக்க முடியாமல் பசியோடு எழுந்துபோகும் சிறுமிகள், பிறர் பார்க்கத் தண்டனை வாங்கும் தோழி எல்லாம் அதில் உண்டு. இதைப் படிக்கும் செஞ்சிப் பக்கத்துப் பெண்ணுக்கு இங்கிலாந்து தூரமாகத் தெரியாது.

எங்கள் பக்கத்துத் தளவானூருக்கு வருகிறவர்கள் மகேந்திரவர்மன் குடைந்த சத்ருமல்லேசுவரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவன் பட்டப்பெயர் கல்லில் 1,400 ஆண்டாக இருக்கிறது. ஆஸ்டல் சுவரில் பிள்ளைகள் கரியால் எழுதும் பெயர்கள் அடுத்த வெள்ளையடிப்போடு போய்விடுகின்றன. இந்தப் பக்கம் மானாவாரி பூமி. மல்லாட்டை ஏமாற்றினால் கரும்பு வெட்டவோ, செங்கல் சூளைக்கோ, பெங்களூர்க் கட்டட வேலைக்கோ குடும்பமாகப் போவார்கள். பிள்ளையின் படிப்பு கெடக் கூடாதென்று ஆஸ்டலில் விட்டுவிட்டுப் போவார்கள். ஆங்கில நாவலின் பையன் நிறைந்த வீட்டிலிருந்து கஷ்டம் பழகுவதற்காக விடுதிக்குப் போகிறான். நம் பையன் மூன்று வேளைச் சோறு இருக்கிறது என்பதால் போகிறான். லீவு விட்டால் ஊருக்குப் போகும் சந்தோஷத்தோடு, வீட்டில் என்ன இருக்குமோ என்ற யோசனையும் அவனுக்கு உண்டு. இந்த ஒரு வித்தியாசமே வேறொரு நாவலுக்குப் போதும். ஹியூஸால் அதை எழுதியிருக்க முடியாது.

விடுதி நமக்குப் புதிதும் அல்ல. சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியது 1916இல். வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலம் தொடங்கியது 1922இல். நவீனத் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி ஒருவரே விடுதிப் பள்ளி நடத்தியிருக்கிறார். அங்கே பிராமணப் பையன்கள் இருவருக்குத் தனிப் பந்தி போட்டதில் மூண்ட தீ, தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிவிட்டது. ஓமந்தூராரின் மகன் அங்கே படித்தவன், விஷயம் வெளியே வந்ததில் அவனுக்கும் பங்கு உண்டு என்று பெரியார் இயக்க வரலாறுகள் சொல்கின்றன. ஓமந்தூர் நமக்குப் பக்கத்து ஊர். 1925 ஜூனில் மாணவர்களோடு பாபநாசம் அருவிக்குப் போன ஐயர், நீரில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் இறந்தார். பழ. அதியமான் குருகுலப் போராட்டத்தின் வரலாற்றை நூலாகவே எழுதியிருக்கிறார். பெரியார், வரதராஜுலு, காந்தி என்று தலைவர்கள் பேசியதெல்லாம் நமக்குத் தெரிகிறது. தள்ளி உட்கார வைக்கப்பட்ட பையன் அன்று ராத்திரி பக்கத்துப் பாயில் படுத்தவனிடம் என்ன சொன்னான் என்பது மட்டும் தெரியவில்லை. அது புனைகதைக்காரனின் வேலை.

பாமாவின் 'கருக்கு' (1992) அந்தக் கதவைத் திறந்தது. கன்னியர் விடுதியில் சேரிப் பிள்ளை என்று இளக்காரமாகப் பார்க்கப்பட்டதை அவர் எழுதியபோது பலருக்குத் தங்கள் கதைக்கும் இடம் உண்டு என்று தோன்றியது. ஆனால் அரசு விடுதிகள் மட்டும் இன்று இரண்டாயிரத்து எழுநூறுக்கும் மேல். 2025இல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள். வைக்க வேண்டிய பெயர்தான். அத்தனை விடுதிகளில் தலைமுறை தலைமுறையாகத் தங்கிப் படித்தவர்களிடமிருந்து வந்திருக்கும் புனைகதை மிகவும் குறைவு. விடுதிகள் செய்தியில் வருவது குழம்பில் புழு கிடந்தால். மேடையில் வருவது அங்கே படித்தவர் அதிகாரி ஆனால். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் ஏழெட்டு வருஷத்தை யாரும் கேட்பதில்லை. தகரப் பெட்டியின் பூட்டு, முட்டை போடும் நாள், சமையல்கார அம்மா ரகசியமாக வைத்த கூடுதல் கரண்டி, சின்னப் பையனைத் துணி துவைக்க வைத்த நம் ஊர் ஃபிளாஷ்மேன், பெண்கள் விடுதியில் தண்ணீர் வராத காலை, முதல் முறை வேறு சாதிக்காரனோடு ஒரே தட்டில் சாப்பிட்டது. எல்லாம் அந்த வருஷங்களில்தான் இருக்கின்றன.

அடுத்த இதழை விடுதி எழுத்துக்கு ஒதுக்குகிறோம். சிறுகதை, நாவல் பகுதி, நினைவு எதுவானாலும் அனுப்புங்கள். நல்ல வார்டனைப் பற்றியும் எழுதுங்கள். அடித்தவனை மட்டுமல்ல, அடித்தது நீங்கள் என்றால் அதையும் எழுதுங்கள். ஊர், விடுதி, ஆட்கள் பெயரை மாற்றிக்கொள்ளலாம். பேச்சுமொழியைத் திருத்த மாட்டோம். கையெழுத்துப் பிரதி போதும். தட்டச்சு நாங்கள் செய்துகொள்கிறோம். இப்போது விடுதியில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பினால் அவர்கள் பக்கம்தான் இதழில் முதலில் வரும்.