வயதைக் குற்றவாளி ஆக்காதீர்கள்

"படிக்கிறேன், வேலைக்குப் போறேன்னு இருபத்தொம்பது வரைக்கும் இழுத்தா சர்க்கரை வராம என்ன செய்யும்?"

முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிய நம் பெண்கள் கர்ப்பப் பரிசோதனைக்குப் போகும்போது கேட்கிற பேச்சு இது. சில நேரம் சொந்தக்காரர் வாயிலிருந்து, சில நேரம் வெள்ளைக் கோட்டு போட்டவர் வாயிலிருந்து.

வயதுக்குப் பங்கு உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மந்தமாக்கும். ஈடுகட்ட கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்க வேண்டும். வயது ஏற ஏற அந்தத் தெம்பு குறைகிறது. அதனால் 20 வயதுத் தாயைவிட 30 வயதுத் தாய்க்கு ஆபத்து கூடுதல். 35இல் இன்னும் கூடுதல்.

இதை வைத்துக்கொண்டு "பதினெட்டிலேயே கட்டிக் கொடு" என்பது மருத்துவமா? இல்லை தோழர்களே, அது ஆணாதிக்கம். உடல் முற்றாத வயதில் பிள்ளை பெற்றால் ரத்தசோகை, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று வேறு ஆபத்துகள் வரிசை கட்டும். எடை குறைந்து பிறந்த குழந்தைக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் அதிகம். தலைமுறை தலைமுறையாக வயிறு காய்ந்த சேரிக்கு இந்தக் கணக்கு புரியும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. "சின்னப் பொண்ணு, உனக்கெல்லாம் வராது" என்று பரிசோதிக்காமல் அனுப்புவது. இந்தியப் பெண்களுக்கு இளம் வயதிலேயே இந்த ஆபத்து அதிகம். அதனால்தான் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை கட்டாயம் என்று 2007இல் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. முதல் முறை வரும்போதே 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். சாப்பிட்டு வந்திருந்தாலும் பரவாயில்லை. இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. இல்லையென்றால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும்.

அந்த இரண்டு மணி நேரம் யாருடையது? நடவுக்குப் போகும் பெண்ணுக்கு அது அரைநாள் கூலி. சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த பிறகு கையில் தரும் உணவுப் பட்டியலில் பாதாம் இருக்கும், பன்னீர் இருக்கும். நம் வீட்டில் இருப்பதோ ரேஷன் அரிசி. நமக்குக் கட்டுப்படியாகும் புரதமான மாட்டுக்கறியின் பெயரை அந்தப் பட்டியலில் எழுத யாருக்கும் கை வராது.

1928இல் பம்பாய் சட்ட மேலவையில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். கர்ப்பிணிக்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நலன், அந்தச் சுமையில் அரசுக்கும் பங்குண்டு என்பது அவர் வாதம். பின்னாளில் சர்க்கரை நோயோடு போராடியபடியே உழைத்தவரும் அவர்தான்.

ஆகவே மாணவர்களே, உங்கள் அக்காவோ அண்ணியோ கர்ப்பமாக இருந்தால் கூடப் போங்கள். "குளுக்கோஸ் குடுத்துப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். குழந்தை பிறந்து ஆறு வாரம் கழித்தும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்; இந்தத் தாய்மார்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாகச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம்.

நம் பெண்கள் படித்த ஆண்டுகள் நோய்க்கான காரணப் பட்டியலில் எழுதப்பட வேண்டியவை அல்ல. அவை நாம் போராடி வாங்கியவை.

ஜெய்பீம்.